முதலில் ஒரு நல்ல 10 மெகாஹெர்ட்ஸ்: ஓய்வுபெற்ற காலக்கருவிகளை வீட்டு மேசைக்குக் கொண்டுவருதல்

எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டவர்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஆசிலோஸ்கோப் வாங்குவார்கள். அடுத்து ஃபிரீக்வென்சி கவுன்ட்டர், அதற்கடுத்து சிக்னல் ஜெனரேட்டர். இந்த வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளும்படி இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆசிலோஸ்கோப் இருக்கட்டும். அடுத்ததாகத் திரையும் எண்களும் இல்லாத ஒரு பெட்டியை வாங்குங்கள். ஒரு பி.என்.சி. கனெக்டர் வழியே 10 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பிசகாமல் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

காரணம் எளிது. கவுன்ட்டருக்குள்ளும், ஜெனரேட்டருக்குள்ளும், ஸ்பெக்ட்ரம் அனலைசருக்குள்ளும் ஆளுக்கொரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. அந்தக் கிரிஸ்டல் எவ்வளவு உண்மை பேசுகிறதோ அவ்வளவுதான் அந்தக் கருவியும் உண்மை பேசும். திரையில் 9 இலக்கம் தெரிவதால் 9 இலக்கமும் சரியாகிவிடாது. ஆனால் தொழில்துறைக் கருவிகள் பெரும்பாலானவற்றின் முதுகில் வெளி ஆதாரத்துக்கென ஒரு சாக்கெட் உண்டு. அதில் நம்பகமான 10 மெகாஹெர்ட்ஸைச் செருகினால் உள்ளே இருக்கும் கிரிஸ்டல் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு பெட்டியை வாங்கி நான்கு கருவிகளின் தரத்தை ஒரே நாளில் உயர்த்தும் வழி இது.

எவ்வளவு துல்லியம் தேவை?

கிரிஸ்டலின் பிழையைப் பங்குகளில் சொல்வது வழக்கம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை உள்ள கடிகாரம் ஒரு நாளில் 86.4 மில்லி நொடி தவறும். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் 86.4 மைக்ரோ நொடி. லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால் 86.4 நானோ நொடி. சாதாரணக் கிரிஸ்டல் முதல் படியில் நிற்கிறது. ஓவனில் வைத்த நல்ல கிரிஸ்டல் இரண்டாம் படிக்கு ஏறும். மூன்றாம் படியை எட்ட அணுவின் உதவியோ செயற்கைக்கோளின் உதவியோ வேண்டும்.

இது வீண் ஆடம்பரம் என்று தோன்றலாம். அமெச்சூர் ரேடியோக்காரர்களைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2018இல் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கென ஒரு டிரான்ஸ்பான்டர் இருக்கிறது. கியூ.ஓ-100 என்பது அதன் பெயர். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் மேற்கு வானில், அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் அது நிற்கிறது. அதன் இறங்கு அலை 10,489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டிஷ் டிவிக்கு வைக்கும் எல்.என்.பி. அதிலிருந்து 9,750 மெகாஹெர்ட்ஸைக் கழித்து 739.5 மெகாஹெர்ட்ஸாகக் கீழே அனுப்புகிறது. இன்றைய எல்.என்.பி. பலவற்றில் அந்த 9,750 என்பது ஒரு 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390 மடங்காக்கிப் பெற்றது. கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே கேட்கும் இடம் 9,750 ஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். குரல் பரிமாற்றத்தில் சில பத்து ஹெர்ட்ஸ் பிசகினாலே பேச்சு கரகரக்கும். கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டிய 25 மெகாஹெர்ட்ஸைக் கொடுத்தால் அந்தப் பிழை ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

உங்கள் தேவை எந்தப் படியில் இருக்கிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஷார்ட்வேவ் ரேடியோவை ஒழுங்குபடுத்த ஓவன் கிரிஸ்டல் போதும். மைக்ரோவேவ் வேலைக்கு ரூபிடியமோ ஜி.பி.எஸ். ஆதாரமோ வேண்டும். கடிகாரங்களையே ஆராய்வதுதான் ஆசை என்றால், இரண்டும் வேண்டும்.

இவை ஏன் மலிவாகக் கிடைக்கின்றன?

1990களில் பரவிய சி.டி.எம்.ஏ. செல்போன் கோபுரங்கள் எல்லாம் ஒரே குறியீட்டையே, ஆளுக்கொரு நேரத் தள்ளலோடு ஒலிபரப்பின. கோபுரத்தைக் கோபுரத்திலிருந்து பிரித்தறிய போனுக்கு இருந்த அடையாளம் அந்த நேரத் தள்ளல்தான். ஆகவே கோபுரங்களின் கடிகாரங்கள் சில மைக்ரோ நொடிக்குள் ஒத்துப்போயாக வேண்டும், ஜி.பி.எஸ். சிக்னல் பல மணி நேரம் அறுந்துபோனாலும் ஒத்துப்போயாக வேண்டும். எச்.பி. இசட்3801ஏ போன்ற பெட்டிகள் இந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டவை. உள்ளே ஒரு ஜி.பி.எஸ். ரிசீவரும் மிக உயர்ந்த தர ஓவன் கிரிஸ்டலும் இருக்கும். வேறு பல தொலைத்தொடர்புக் கருவிகளில் உள்ளங்கை அளவு ரூபிடியம் கடிகாரங்கள் உட்கார்ந்திருந்தன. வலைப்பின்னல்கள் அடுத்த தலைமுறைக்கு மாறியபோது இவையெல்லாம் கழற்றப்பட்டு, எடைக்கு எடை போட்டு விற்கப்பட்டன. ஒரு காலத்தில் நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த பொருள், தனிமனிதர் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது அப்படித்தான்.

அளவைக் கருவிகளின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆய்வகங்கள் புதிய மாடல் வாங்கும்போது பழையவற்றை ஏலம் விடுகின்றன. 1970, 80களின் எச்.பி., டெக்ட்ரானிக்ஸ் கருவிகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவற்றின் சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட் படமும், ஒவ்வொரு பகுதியும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும், பார்ட்ஸ் பட்டியலும் இருக்கும். புதிய கருவி கெட்டால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். பழையது கெட்டால் மேனுவலைப் பிரித்து நீங்களே தேடலாம்.

மூன்று வகை ஆதாரங்கள்

ஓவன் கிரிஸ்டல்: வெப்பநிலை மாறினால் குவார்ட்ஸின் அதிர்வும் மாறும். அதனால் கிரிஸ்டலை ஒரு சிறு அடுப்புக்குள் வைத்து, அறையைவிட மிக உயர்ந்த ஒரே வெப்பத்தில் காப்பாற்றுகிறார்கள். எச்.பி. 10811 இந்த வகையின் பேர்போன உதாரணம். 1980களின் கவுன்ட்டர்கள் பலவற்றில் ஆப்ஷனாக வந்தது. ஒரு நொடி, பத்து நொடி என்ற குறுகிய கால அளவில் இதன் நிலைத்தன்மை சிறு ரூபிடியம் பெட்டிகளையே மிஞ்சும். குறை, முதுமை. கிரிஸ்டல் நாளுக்கு நாள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய கிரிஸ்டல் புதியதைவிட நிதானமாக நகரும் என்பதால், இந்த ஒரு பொருளில் வயது குறையாகாது.

ரூபிடியம்: ஒரு சிறு ரூபிடியம் விளக்கின் ஒளி, ரூபிடியம் ஆவி நிரம்பிய கண்ணாடிக் குப்பி வழியே சென்று ஒரு ஒளி உணரியில் விழுகிறது. குப்பிக்குள் செலுத்தும் மைக்ரோவேவ், ரூபிடியம்-87 அணுவின் இயல்பான 6,834.68 மெகாஹெர்ட்ஸோடு பொருந்தும்போது ஒளி மிகச் சிறிதளவு மங்குகிறது. அந்த மங்கலைத் தேடிப் பிடித்துக்கொண்டே ஒரு கிரிஸ்டலைத் திருத்துகிறது உள்ளிருக்கும் மின்சுற்று. எல்.பி.ஆர்.ஓ-101, எஃப்.இ-5680ஏ ஆகிய இரண்டும் சந்தையில் அதிகம் புழங்கும் மாடல்கள். மாதத்துக்குப் பத்தாயிரம் கோடியில் 5 பங்கு அளவுதான் நகரும். ஒன்றை மறக்க வேண்டாம். குப்பிக்குள் ரூபிடியத்தோடு அடைத்த வேறு வாயுக்கள் அணுவின் அதிர்வைச் சற்றே தள்ளிவிடுகின்றன. ஆகவே ரூபிடியம் தானாகச் சரியான எண்ணைச் சொல்லாது. வேறொன்றோடு ஒப்பிட்டு ஒருமுறை திருத்தினால், திருத்திய இடத்தில் நீண்ட நாள் நிற்கும்.

ஜி.பி.எஸ். ஆதாரம்: ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் அணுக்கடிகாரம் சுமந்து செல்கிறது. ரிசீவர் நொடிக்கு ஒரு துடிப்பு தருகிறது. அந்தத் துடிப்பு ஒவ்வொரு முறையும் 20 நானோ நொடி வரை முன்பின் விழலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்குள் பார்த்தால் இது ஐந்து கோடியில் ஒரு பங்கு பிழை, ஓவன் கிரிஸ்டலைவிட எவ்வளவோ மோசம். ஆனால் இந்தப் பிழை நாளடைவில் கூடிக்கொண்டே போவதில்லை. ஒரு நாள் கழித்தும் அதே 20 நானோ நொடிதான். 86,400 நொடியில் 20 நானோ நொடி என்பது நான்கு லட்சம் கோடியில் ஒரு பங்கு. குறுகிய காலத்துக்குக் கிரிஸ்டலை நம்பி, நீண்ட காலத்துக்குச் செயற்கைக்கோளை நம்பி இரண்டையும் பூட்டிய பெட்டிதான் ஜி.பி.எஸ். ஆதாரம். 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதன் பிறகு இந்த வழி இன்னும் பலனுள்ளதானது.

முதல் தடவை வாங்குபவருக்கு என் பரிந்துரை ஜி.பி.எஸ். ஆதாரம். அது ஒன்றுக்குத்தான் வேறொரு கருவியை வைத்துத் திருத்தம் செய்யத் தேவையில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ரூபிடியம் பெட்டியில் அணு தீர்ந்துபோவதைவிட விளக்கு சோர்ந்துபோவதே வழக்கம். எல்.பி.ஆர்.ஓ-101 போன்றவற்றில் விளக்கின் நிலையைக் காட்டும் வோல்டேஜ் ஒரு பின்னில் வெளியே வருகிறது. விற்பவரிடம் அந்த அளவைக் கேளுங்கள். பூட்டு விழுந்ததைக் காட்டும் பின் எத்தனை நிமிடத்தில் மாறுகிறது என்றும் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ளது சில நிமிடங்களில் பூட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் தேடிக்கொண்டிருப்பதை வாங்க வேண்டாம். எஃப்.இ-5680ஏ என்ற ஒரே பெயரில் பல வகைகள் இருக்கின்றன. பின் அமைப்பும் மாறும், சிலவற்றுக்கு 15 வோல்ட்டோடு 5 வோல்ட்டும் தனியே வேண்டும். லேபிளில் உள்ள முழு எண்ணைப் பார்க்காமல் வயர் இணைக்காதீர்கள்.

பழைய ஜி.பி.எஸ். ஆதாரங்களில் தேதி தவறாகக் காட்டும். ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1,024 வரை எண்ணி, பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. ரிசீவருக்குள் இருக்கும் மென்பொருளைப் பொறுத்து வேறு நாளிலும் இந்தக் குழப்பம் வரும். சந்தையில் கிடைக்கும் ட்ரிம்பிள் தண்டர்போல்ட் என்ற ஜி.பி.எஸ். ஆதாரம் 2017 ஜூலை இறுதியில் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் போனது. அதன் 10 மெகாஹெர்ட்ஸுக்கும் நொடித் துடிப்புக்கும் எந்தச் சேதமும் இல்லை. அதிர்வெண் மட்டும் வேண்டுமென்றால் இந்தக் குறையைக் காட்டி விலை பேசலாம். கணினிக்கு நேரம் கொடுக்கும் சர்வராக வைக்க வேண்டுமென்றால், லேடி ஹெதர் போன்ற இலவச மென்பொருள் தேதியைத் திருத்திக் காட்டும்.

கவுன்ட்டர் வாங்கும்போது திரையில் எத்தனை இலக்கம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை எவ்வளவு நுணுக்கமாக அளக்கும் என்று பாருங்கள். எச்.பி. 5370பி என்ற பழைய கருவி 20 பிக்கோ நொடி வரை பிரித்தறியும், பதிலுக்கு மேசை முழுவதையும் எடுத்துக்கொண்டு மின்விசிறி இரைச்சலையும் தரும். ரக்கால்-டானா 1992 அவ்வளவு நுணுக்கம் இல்லாதது, ஆனால் வீட்டுக்கு அடக்கமானது. தொடக்கத்துக்கு அதுவே போதும்.

முதல் தடவை மின்சாரம் கொடுப்பது

வாங்கிய கருவியை நேராக பிளக்கில் செருகக் கூடாது. இந்த வரிசையில் செல்லுங்கள்.

ஒன்று, வோல்டேஜ் அமைப்பு. அமெரிக்காவிலிருந்து வரும் கருவி பெரும்பாலும் 120 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கும். எச்.பி. கருவிகளில் பவர் சாக்கெட்டுக்கு அருகே ஒரு சிறு கார்டை எடுத்துத் திருப்பிச் செருகி 100, 120, 220, 240 என்று மாற்றலாம். நம் ஊரின் 230 வோல்ட்டுக்கு 240 என்ற நிலையே பாதுகாப்பு. 220இல் வைத்தால் ஐந்து சதவீதம் கூடும் எல்லையைத் தொட்டுக்கொண்டே இருப்பீர்கள். வோல்டேஜ் இரட்டிப்பானால் கரன்ட் பாதியாகும், ஆகவே ஃபியூஸையும் பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.

இரண்டு, கெப்பாசிட்டர்கள். பழைய கருவிகளின் மெயின்ஸ் வடிகட்டியில், மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற உறைக்குள் ரிஃபா காகித கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றி எறிந்துவிடுங்கள். அதன் உறை ஆண்டுகள் போகப்போக நுணுக்கமாக விரிசல் விடும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஒருநாள் புகையைக் கக்கும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அதை நம்பி வைக்க நியாயமே இல்லை. பதிலாக, மெயின்ஸுக்கென்று தயாரித்த எக்ஸ்2 வகை ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கிறதா, அடியில் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றுப் பொருள்களை நம்பகமான கடையில் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்காதது இல்லை, ஆனால் சந்தையில் போலியும் உண்டு.

மூன்று, பேட்டரி. போர்டில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் அதன் கசிவு செம்புத் தடங்களை அரித்திருக்கும். அதை எடுத்துவிட்டு இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் கைவைப்பதற்கு முன் மேனுவலைப் படியுங்கள். பல கருவிகளில் தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் செய்த அளவுத் திருத்த எண்கள் அந்தப் பேட்டரி காப்பாற்றும் மெமரியில்தான் இருக்கின்றன. பேட்டரியைப் பிடுங்கினால் அவையும் போய்விடும். சிலவற்றில் பேட்டரி மெமரி சிப்புக்கு உள்ளேயே இருக்கும். அந்த எண்களை முதலில் படித்துச் சேமித்துக்கொண்டு பிறகு மாற்ற வேண்டும்.

நான்கு, சீரிஸ் பல்பு. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே ஏற்பாடுதான். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. கூடாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், கருவி தப்பிக்கும். ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. இது டிரான்ஸ்பார்மர் வைத்த பவர் சப்ளைக்குப் பொருந்தும். ஸ்விட்சிங் வகை சப்ளை பல்போடு தொடங்கத் திணறலாம், அதை வைத்துக் கருவி கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஐந்து, எர்த். ஆசிலோஸ்கோப்பின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு அளப்பது சிலரிடம் இருக்கும் வழக்கம். அப்படிச் செய்தால் கருவியின் உலோக உடல் முழுவதும் மெயின்ஸ் மின்சாரம் ஏறி நிற்கக்கூடும். ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய ஆசிலோஸ்கோப்பின் பிக்சர் டியூபைச் சுற்றி ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

தொலைத்தொடர்புப் பெட்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. அவை பெரும்பாலும் 24 அல்லது 48 வோல்ட் டி.சி.யில் ஓடும். தொலைபேசி நிலையங்களில் 48 வோல்ட் என்றால் வழக்கமாக பிளஸ் முனை எர்த்தில் இருக்கும். பிளஸ், மைனஸை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு இணையுங்கள்.

ஆன்டெனா

ஜி.பி.எஸ். ஆதாரம் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதை அதன் ஆன்டெனா பாதி தீர்மானிக்கிறது. ஜன்னலோரம் வைத்த ஆன்டெனா பாதி வானத்தைத்தான் பார்க்கும். எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலையும் உண்மை என்று நம்பும். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை விட உயரமாக, எல்லாப் பக்கமும் திறந்த இடம் தேடுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகின்றன. தமிழ்நாடும் இலங்கையும் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் தலைக்கு மேலேயே நிறையச் செல்லும். ஐரோப்பியரைவிட இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

கேபிளுக்கு அலைய வேண்டாம். தண்டர்போல்ட் கேட்பது 75 ஓம் கேபிளையும் எஃப் கனெக்டரையும்தான். கேபிள் டிவிக்காரர் இழுக்கும் ஆர்.ஜி-6 அப்படியே பொருந்தும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ரிசீவர் எத்தனை வோல்ட் அனுப்புகிறது, ஆன்டெனா எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை மட்டும் ஒத்துப் பாருங்கள். தண்டர்போல்ட் 5 வோல்ட் அனுப்பும். 3 வோல்ட்டுக்குச் செய்த ஆன்டெனா அதில் கருகிப்போகும்.

கேபிள் வழியே சிக்னல் வர நேரம் எடுக்கும். நுரை நிரப்பிய ஆர்.ஜி-6இல் மீட்டருக்கு 4 நானோ நொடி. 25 மீட்டருக்கு 100 நானோ நொடி. அதிர்வெண்ணுக்கு இது பொருட்டல்ல, ஏனென்றால் தாமதம் மாறாமல் இருக்கிறது. சரியான நேரம் வேண்டுமென்றால் இந்த எண்ணை ரிசீவருக்குச் சொல்ல வேண்டும். ஆன்டெனாவைப் பொருத்தியதும் ரிசீவரைத் தன் இடத்தைத் தானே அளக்க விடுங்கள். தண்டர்போல்ட் 2,000 தடவை அளந்து சராசரி எடுக்கும், அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இடம் தெரிந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு செயற்கைக்கோளும் நேரத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். இடி மழைக் காலத்துக்கு மாடியில் மின்னல் தடுப்பும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்த கேபிள் அரெஸ்டரும் வையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மேகம் கறுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

வெப்பமும் மின்வெட்டும்

கடிகாரத்துக்கு வெயில் பகையல்ல, மாற்றம்தான் பகை. நாள் முழுக்க 34 டிகிரியில் இருக்கும் அறை, ஏ.சி. ஓடி நின்று ஓடி நிற்கும் அறையைவிட நல்லது. ஏ.சி. இயங்கும் ஒவ்வொரு சுற்றும் உங்கள் அளவீட்டு வரைபடத்தில் ஓர் அலையாகத் தெரியும். ஓவன் கிரிஸ்டலை மின்விசிறிக் காற்றுக்கு நேரே வைக்காமல் ஒரு அட்டைப்பெட்டியால் மூடினால் போதும். ரூபிடியத்துக்கு இது ஆகாது. அதன் அடித்தகடு சூட்டை வெளியே தள்ள வேண்டும். தடித்த அலுமினியத் தட்டிலோ பெரிய ஹீட்சிங்கிலோ முறுக்கி வையுங்கள். தெர்மோகோல் போட்டு மூடினால் விளக்கின் ஆயுள் குறையும்.

மின்சாரம் போய் வந்த பிறகு ஓவன் கிரிஸ்டல் பழைய இடத்துக்குத் திரும்ப மணிக்கணக்கு, முழு நிதானத்துக்கு வர நாள் கணக்கு ஆகலாம். ஆகவே ஆதாரத்தை மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள். 24 வோல்ட் கருவிக்கு இரண்டு 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, சார்ஜரோடு வைத்தால் போதும். கவுன்ட்டரும் ஜெனரேட்டரும் அணையட்டும், ஆதாரம் அணையக் கூடாது.

10 மெகாஹெர்ட்ஸை நான்கு கருவிக்குப் பிரிக்க டி கனெக்டர்களை வரிசையாக மாட்டாதீர்கள். ஒரு கருவியின் உள் இரைச்சல் மற்றதற்குள் நுழையும், சிக்னலும் இளைக்கும். ஒவ்வொரு வழிக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் உள்ள டிஸ்ட்ரிப்யூஷன் பெட்டி வேண்டும். பழைய அனலாக் வீடியோ டிஸ்ட்ரிப்யூஷன் ஆம்ப்ளிஃபையரைச் சிறு மாற்றங்களோடு இதற்குப் பயன்படுத்தும் ஆர்வலர்கள் நிறைய.

ஒப்பிட்டு அளப்பது

விலையுயர்ந்த கவுன்ட்டர் இல்லாமலே நல்ல ஒப்பீடு செய்யலாம். ஆதாரத்தின் 10 மெகாஹெர்ட்ஸை ஆசிலோஸ்கோப்பின் முதல் சேனலில் கொடுத்து, அதிலேயே டிரிகர் வையுங்கள். சோதிக்கும் ஆசிலேட்டரை இரண்டாம் சேனலில் கொடுங்கள். முதல் அலை அசையாமல் நிற்கும், இரண்டாவது மெல்ல நகரும். அது ஒரு முழு அலை, அதாவது 100 நானோ நொடி, நகர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 100 நொடி ஆனால் பிழை நூறு கோடியில் ஒரு பங்கு. 1,000 நொடி ஆனால் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இடப்பக்கம் நகர்ந்தால் சோதிக்கும் ஆசிலேட்டர் வேகம், வலப்பக்கம் நகர்ந்தால் தாமதம். ரூபிடியத்தைத் திருத்த இதுவே போதும். அலை அசைவற்று நிற்கும் வரை அதன் டிரிம் திருகைத் தொடுங்கள், பிறகு ஒரு நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள்.

நேர இடைவெளி அளக்கும் கவுன்ட்டர் இருந்தால், நொடித் துடிப்பு இரண்டுக்கு இடையிலான நேரத்தை ஒவ்வொரு நொடியும் கணினியில் பதியுங்கள். பழைய கருவிகள் ஜி.பி.ஐ.பி. என்ற தடித்த கேபிளில் பேசும், யு.எஸ்.பி. அடாப்டர் கிடைக்கிறது. பதிவை வரைபடமாக்கினால், சாய்வு அதிர்வெண் பிழையைக் காட்டும், வளைவு முதுமையைக் காட்டும், நடுக்கம் நிலைத்தன்மையைக் காட்டும். டேவிட் ஆலன் 1966இல் வகுத்த கணக்கு இந்த நடுக்கத்தை ஒவ்வொரு கால அளவுக்கும் தனித்தனியே எண்ணாக்கித் தருகிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு, நூறு நொடிக்கு எவ்வளவு, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று ஒரே கோட்டில் தெரியும். ஓவன் கிரிஸ்டலின் கோடு சிறு கால அளவில் தாழ்ந்திருந்து பிறகு ஏறும். ஜி.பி.எஸ்.ஸின் கோடு உயரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உங்கள் ஜி.பி.எஸ். ஆதாரத்துக்குப் பொருத்தமான டைம் கான்ஸ்டன்ட். தண்டர்போல்ட் 100 நொடியில் வைத்து வருகிறது. உள்ளே இருக்கும் கிரிஸ்டல் நல்லதென்றால் அதைச் சில நூறு நொடிக்கு உயர்த்திப் பாருங்கள்.

இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் எது தவறு என்று அந்த இரண்டை வைத்தே சொல்ல முடியாது. மூன்றாவது ஒன்று வேண்டும். மூன்றையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டால் மூன்றின் நடுக்கத்தையும் தனித்தனியே கணக்கிட்டு எடுக்கலாம். ஜி.பி.எஸ்., ரூபிடியம், ஓவன் கிரிஸ்டல் மூன்றும் வேறு வேறு தத்துவத்தில் ஓடுபவை என்பதால் ஒரே காரணத்துக்காக மூன்றும் சேர்ந்து தவறுவது அரிது. ஒரு வீட்டு ஆய்வகம் இந்த மூன்றோடு நின்றாலே பெரிய விஷயம்.

எங்கே நிறுத்துவது?

சீசியம் கடிகாரம் பலரின் கனவு. 1967 முதல் நொடிக்கே இலக்கணம் அதுதான், சீசியம்-133 அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். 1971இல் ஹாஃபெலும் கீட்டிங்கும் நான்கு எச்.பி. சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் உலகம் சுற்ற வைத்து, சார்பியல் கோட்பாடு சொன்ன நேர வேறுபாட்டை அளந்தார்கள். 2005இல் அமெரிக்காவில் ஒரு ஆர்வலர், தாம் சேர்த்த சீசியம் கடிகாரங்களைக் குடும்ப வேனில் ஏற்றி ரெய்னியர் மலைக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் உயரத்தில் இருந்துவிட்டு இறங்கியபோது, வீட்டில் இருந்த கடிகாரங்களைவிட அவை ஏறத்தாழ 22 நானோ நொடி முந்தியிருந்தன. பொழுதுபோக்கு இவ்வளவு தூரம் போகும்.

ஆனாலும் பழைய சீசியத்தை முதல் சில ஆண்டுகளில் வாங்காதீர்கள். அதன் பீம் டியூபில் சீசியம் செலவாகிக்கொண்டே இருக்கும், சந்தைக்கு வருவதில் பெரும்பாலானவற்றின் டியூப் ஓய்ந்திருக்கும், மாற்று டியூபின் விலை கருவியின் விலையை மிஞ்சும். உள்ளே உள்ள வெற்றிட பம்ப் சில ஆயிரம் வோல்ட்டில் ஓடுகிறது. ஜி.பி.எஸ். வழியாக வானத்துச் சீசியமும் ரூபிடியமும் இலவசமாகவே வீட்டுக்கு வருகின்றன.

ஆகவே வாங்கும் வரிசை இதுதான். முதலில் ஜி.பி.எஸ். ஆதாரமும் மாடி ஆன்டெனாவும். பிறகு அதன் 10 மெகாஹெர்ட்ஸைப் பிரிக்கும் பெட்டியும் பேட்டரியும். மூன்றாவதாக வெளி ஆதாரம் ஏற்கும் கவுன்ட்டர். நான்காவதாக ரூபிடியம். இதற்குப் பிறகு எந்தக் கருவியைப் பார்த்தாலும் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கிக்கொள்ளும் சாக்கெட் அங்கே இல்லையென்றால், அதைவிட மலிவாக வேறொன்று இருக்கும், அதில் சாக்கெட்டும் இருக்கும்.